சின்ன ஞாயிறு

திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குப் பங்கு வீட்டுச் சாப்பாட்டு அறையில் கூடியவர்களும் அவர்கள் உட்கார்ந்த இடமும் வருமாறு.

ஃபாதர், மேசையின் தலைமாட்டில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி. அவருக்கு வலப்பக்கம் ரொட்டிக்கடைக்காரர், பங்குப் பேரவையின் உதவித் தலைவர். அவருக்கு நேர் எதிரே மரக்கடைக்காரர். இவர் ரொட்டிக்கடைக்காரரின் தங்கையைக் கட்டியவர், ஆகையால் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பதில்லை. மரக்கடைக்காரருக்கு அடுத்து தையல்காரி, என் நாத்தனார். கதவோரம், விளக்கு ஸ்விட்சுக்குக் கீழே, செயலாளராகிய நான். ஆறாவது நாற்காலியில் பங்கின் முதல் பதிவேடு, பழைய துண்டில் சுற்றி வைத்திருந்தது. மேசையில் டீ இருந்ததால் அதற்கு நாற்காலி.

பேரவையில் மொத்தம் பன்னிரண்டு பேர். அவசரக் கூட்டம் என்றால் நாங்கள் ஐந்து பேர்தான் வருவோம். மற்ற ஏழு பேரும், எடுத்த முடிவு சரியில்லை என்று பிறகு சொல்வதற்காக வீட்டில் இருந்துவிடுவார்கள்.

ஆயர் இல்லத்திலிருந்து வந்த கடிதத்தை நான் எழுந்து நின்று வாசித்தேன். பால் சங்கத்தில் பதினெட்டு வருடமாக எனக்குக் கடிதம் எழுதுவதுதான் வேலை. ஒரு கடிதம் பணிவாக இருக்கிறதா, பணிவுபோல இருக்கிறதா என்பது முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிடும். இது இரண்டாவது வகை.

“தங்கள் கோயில் தனிப் பங்கு என்பதற்குச் சான்றாகத் தாங்கள் அனுப்பிய முதல் பக்கத்தின் நகலில், ‘ஒன்பதாம் மாதம் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமையாகிய இன்று, நாற்பத்தொரு குடும்பங்கள் கூடி, பலகைக் கொட்டகையில் பூசை கண்டு, இப்பங்கைத் தொடங்கினோம்’ என்று உள்ளது. அவ்வருடம் அந்தத் தேதி திங்கட்கிழமை. ஆகவே இப்பக்கம் பிற்காலத்தில் எவராலோ எழுதிச் சேர்க்கப்பட்டது எனக் கருத இடமுண்டு. ஆயர் இல்லத்தின் சார்பில் எவரேனும் தங்கள் கோயிலைப் பங்கு என ஏற்று எழுதிய சான்று இருப்பின், இம்மாத இறுதிக்குள் அனுப்பவும். இல்லையேல் தங்கள் கோயில் டவுன் பங்கின் கிளையாக இணைக்கப்படும்.”

மாத இறுதி என்பது வருகிற வியாழக்கிழமை.

பங்கு என்றால் தனக்கென்று சாமியாரும் பதிவேடும் உள்ள கோயில். கிளை என்றால் என்ன என்பதையும் எழுதிவிடுகிறேன். ஃபாதர் டவுனுக்குக் குடிபோய்விடுவார். இங்கே மாதத்துக்கு ஒரு பூசை. பதிவேடுகள் டவுன் அலமாரிக்குப் போகும். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கப் பூசை எல்லாம் முப்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி.

கல்யாணம் என்ற சொல் வந்ததுமே எல்லோரும் ரொட்டிக்கடைக்காரரைப் பார்த்தோம். அவர் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம்.

“அஞ்சு அடுக்கு கேக்குங்க, ஃபாதர்,” என்றார் அவர். “அளவெல்லாம் எடுத்தாச்சு. அந்த ரோட்டுல டவுன் வரைக்கும் கொண்டுபோனா ரெண்டு அடுக்குதான் மிஞ்சும். என் பொண்ணு ஞானஸ்நானம் வாங்குன கோயில்ல கைப்பிடிக்கக் கூடாதாமா? எவன் சொல்றது?”

“ஆயர் இல்லம் சொல்லுது, மச்சான்,” என்றார் மரக்கடைக்காரர். “எங்க பக்கத்து ஆளுங்க எழுதியிருந்தா கிழமை சரியா இருந்திருக்கும். மேட்டுக்காரங்க கையில பேனாவைக் குடுத்தது முதல் தப்பு.”

எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் முன்னோர்கள் கடல் கடந்து பிழைக்க வந்தவர்கள். கப்பலின் மேல்தளத்தில் வந்தவர்கள் மேட்டில் குடியேறினார்கள், கீழ்த்தளத்தில் வந்தவர்கள் ஆற்றங்கரையில். கப்பல் திரும்பிப் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, தளம் மட்டும் இன்னும் மாறவில்லை. ரொட்டிக்கடைக்காரர் மேடு. மரக்கடைக்காரர் ஆற்றங்கரை. பதிவேட்டை முதலில் எழுதியவர் ரொட்டிக்கடைக்காரரின் கொள்ளுத்தாத்தா. கூட வந்த சாமியாருக்குக் கண்பார்வை மங்கல் என்பதால் அவர் சொல்ல இவர் எழுதினார் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மேட்டுக்காரர்கள் அதை யாரும் மறக்க விடுவதில்லை.

“சண்டை அப்புறம் போடலாம். இப்ப என்ன செய்யலாம்னு சொல்லுங்க,” என்றார் ஃபாதர். சொல்லிவிட்டு டீ ஊற்ற எழுந்தார்.

மரக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். “சுலபமான வேலை. பதினேழு திங்கள்னா பதினாறு ஞாயிறு. அந்த ஏழை ஆறாக்கிட்டா முடிஞ்சுது.”

ஃபாதர் கெட்டிலோடு திரும்பினார். “ஏழையா? எந்த ஏழைக்கு என்ன ஆச்சு?”

என் நாத்தனார் டீயைத் துப்பாமல் விழுங்கப் பட்ட பாடு பெரிது. ஃபாதருக்கு விஷயம் புரிந்ததும் அவர் கெட்டிலை மேசையில் வைத்த சத்தத்திலேயே அந்த யோசனை அடிபட்டுப் போனது. தீர்மானப் புத்தகத்தில் நான் அதைக் குறிக்கவில்லை.

“நேர்ல போய் பேசிப் பாக்கலாம்,” என்றார் ஃபாதர். “நாளைக்குக் காலைல நீங்களும் வர முடியுமா?”

ரொட்டிக்கடைக்காரர் கையை விரித்தார். “நாளைக்கு அடுப்பை விட்டு எப்படி வர்றது? முன்னாடியே சொல்லியிருந்தா இன்னிக்கே போயிருக்கலாமே. சின்ன ஞாயிறு, கடை லீவு. அதனாலதானே கூட்டத்தையே இன்னிக்கு வச்சோம்.”

“என்ன ஞாயிறு?”

“சின்ன ஞாயிறு.”

ஃபாதர் எங்கள் ஊருக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. “இதைக் கேக்கணும்னு நினைச்சுட்டே இருந்தேன். சின்ன ஞாயிறு வாங்க, சின்ன ஞாயிறு பாக்கலாம்னு எல்லாரும் சொல்றீங்க. நான் ஏதோ சின்னப் பிள்ளைங்களோட மறைக்கல்வி வகுப்புன்னு நினைச்சு, யாராவது வந்து கூப்பிடுவாங்கன்னு உக்காந்திருக்கேன். அது என்னது?”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“திங்கட்கிழமைதான், ஃபாதர்,” என்றாள் என் நாத்தனார், குழந்தைக்குச் சொல்வதுபோல.

“திங்கட்கிழமைக்கு ஏன் அந்தப் பேரு?”

“ஏன்னா… எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க?”

“எல்லாரும்னா?”

“ஊர் உலகத்துல எல்லாரும்.”

“நான் பொறந்ததுலேருந்து கேட்டதில்லையே.”

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு நாற்பத்தாறு வயது. பால் சங்கத்தில் எழுதும்போது திங்கட்கிழமை என்றுதான் எழுதுவேன், வாய்ப்பேச்சில் சின்ன ஞாயிறு என்பேன். எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்று எத்தனையோ சொற்கள் இருக்கின்றனவே, அதுபோல இதுவும் ஒன்று என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன்.

மரக்கடைக்காரர் திடீரென்று மேசையைத் தட்டினார். “அதான் விஷயமா! டவுன் பல் டாக்டர்கிட்ட போன் போட்டு, சின்ன ஞாயிறு காலைல வரேன்னேன். அந்தப் பொண்ணு, ஞாயித்துக்கிழமை சின்னதோ பெருசோ நாங்க லீவு சார்னுச்சு. திமிரைப் பாருன்னு போனை வச்சுட்டேன். அந்தப் பல்லு போயே போச்சு.” வாயைத் திறந்து இடத்தையும் காட்டினார்.

எல்லோரும் சிரித்தோம். ஃபாதர் மட்டும் சிரிக்கவில்லை. கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, திங்கட்கிழமை என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார்.

“அவங்களும் திங்கட்கிழமைன்னுதான் சொல்றாங்க,” என்றார் மெதுவாக.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. நான் பதிவேட்டை நாற்காலியிலிருந்து எடுத்து, துண்டைப் பிரித்தேன். ஃபாதரின் செல்போனில் எந்த வருடத்துக் காலண்டரும் வரும். நான் தேதியைச் சொல்ல, அவர் கிழமையைச் சொன்னார். முதல் பக்கம், பதினேழு, ஞாயிறு என்று எழுத்து, திங்கள் என்று போன். அடுத்தது இருபத்துநாலு, ஞாயிறு என்று எழுத்து, திங்கள் என்று போன். அதற்கடுத்த வாரமும் அப்படியே. பூசை, ஞானஸ்நானம், ஒரு கல்யாணம், கொட்டகைக்குக் கூரை போட்டது, எல்லாவற்றுக்கும் ஞாயிறு என்று போட்டிருந்தது, எல்லாம் திங்கள். பதின்மூன்றாம் பக்கத்தின் அடியில், இரண்டாம் மாதம் நாலாம் தேதி வரைக்கும், இருபத்தொரு ஞாயிறுகள். ஒன்றுகூடத் தவறாமல் தவறு.

“தேதியை எப்படிச் சரியா போட்டாங்க, கிழமையை விட்டுட்டு?” என்றார் மரக்கடைக்காரர்.

“தேதி துறைமுகத்துல குடுத்த காகிதத்துல இருக்கும். கிழமை அதுல இருக்காது. அதை அவங்களேதான் எண்ணிக்கிட்டு வந்திருப்பாங்க,” என்றார் ஃபாதர். “பதினாறாம் பக்கம் என்ன சொல்லுது?”

“இரண்டாம் மாதம் பதினேழு, ஞாயிறு.”

அவர் போனைப் பார்த்தார். “ஞாயிறு. இது சரி.”

நாலாம் தேதியிலிருந்து பதினேழாம் தேதிக்குப் பதின்மூன்று நாள். இரண்டு வாரத்துக்குப் பதினான்கு நாள் வேண்டும். ஆக, இடையில் ஒரு வாரம் ஆறு நாளோடு முடிந்திருக்கிறது. அந்த வாரத்தில் என்ன நடந்தது என்பது பதினான்காம் பக்கத்திலும் பதினைந்தாம் பக்கத்திலும் இருக்க வேண்டும். அந்த இரண்டு பக்கமும்தான் ஒட்டிக்கொண்டிருந்தன. ஈரத்தில் ஒட்டியது என்று எனக்கு முன்பிருந்த செயலாளர் சொல்லிக் கொடுத்தார். நானும் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொல்லி வந்திருக்கிறேன்.

என் நாத்தனார் பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். “அண்ணி, ஈரத்துல ஒட்டுனது திட்டுத்திட்டா ஒட்டும். இது நாலு ஓரமும் ஒரே அகலத்துக்கு ஒட்டியிருக்கு, காலர் வச்ச மாதிரி. யாரோ உக்காந்து நிதானமா ஒட்டியிருக்காங்க.”

ஃபாதரின் இஸ்திரிப் பெட்டி ஆவி விடுகிற ரகம். அதை அவள் பக்கத்தின் ஓரத்துக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்து, ஆவி பட்ட இடத்தில் தன் கைப்பையிலிருந்த தட்டையான ஊசியை நுழைத்து, ஓரம் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள். அரைமணி நேரம் ஆயிற்று. பசை சின்னச் சின்னச் செதிளாக மேசையில் உதிர்ந்தது.

ரொட்டிக்கடைக்காரர் ஒரு செதிளை எடுத்து விரலில் நசுக்கினார், வெளிச்சத்தில் பார்த்தார்.

“இது மாவுப் பசை. தவிடு சலிக்காத மாவு,” என்றார். “அந்த வருஷம் ஊர்ல மாவு அரைச்சது ஒரே வீடுதான்.”

“எந்த வீடு, மச்சான்?” என்றார் மரக்கடைக்காரர், தெரிந்துகொண்டே.

“வாயை மூடுங்க, மாப்ளே.”

பக்கம் திறந்தது. கையெழுத்து வேறாக இருந்தது, சாய்ந்த, வேகமான எழுத்து. ஃபாதர் சத்தமாக வாசித்தார்.

“இரண்டாம் மாதம் பத்தாம் தேதி, ஞாயிறு. ஆயரின் பேரால் இப்பங்கைப் பார்வையிட நேற்று மாலை வந்து சேர்ந்தேன். காலையில் பூசைக்கு மணி அடித்தேன். ஒருவரும் வரவில்லை. மறுபடி அடித்தேன். யார் செத்தது என்று கேட்டுக்கொண்டு, கைநிறையச் சேற்றோடு வயலிலிருந்து ஓடி வந்தார்கள். இப்பங்கின் குருவும் மண்வெட்டியோடு வந்தார். இன்று சனிக்கிழமை என்று எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள். விசாரித்ததில், கப்பலில் புயலடித்தபோது விடியாமலே போன ஒரு பகலை இவர்கள் எண்ணாமல் விட்டது தெரிகிறது. அன்று முதல் திங்களை ஞாயிறாக அனுசரித்து வந்திருக்கிறார்கள். நாளைத் திருத்தினேன். மேட்டுப் பகுதியார், இவ்வளவு காலம் பூசை கண்ட நாளைச் சட்டென்று வேலைநாள் ஆக்க மனம் வரவில்லை என்று அழுதார்கள். அந்த நாளிலும் ஓய்ந்திருந்துகொள்ளுங்கள், ஆனால் அது சின்ன ஞாயிறு, பெரிய ஞாயிறு நான் சொன்னது என்று சொல்லி அனுப்பினேன். இப்பங்கின் மக்கள் நல்லவர்கள். கணக்கில் மட்டும் நம்ப வேண்டாம்.”

கீழே கையெழுத்து. அதன் கீழே, ஆயரின் பார்வையாளர் என்ற முத்திரை.

சாமியார் மண்வெட்டியோடு வந்த இடத்திலேயே எங்களுக்குச் சிரிப்பு பிடித்துவிட்டது. ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “இருபத்தொரு வாரம்! மனுஷன் திங்கட்கிழமை பிரசங்கம் வச்சிருக்காரு! ஞாயித்துக்கிழமை களையெடுத்திருக்காரு!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு நின்ற இடம் வேறு. “ஃபாதர், அந்தச் சொல்லை எத்தனை தடவை எழுதியிருக்காருன்னு பாருங்க,” என்றேன். “இப்பங்கைப் பார்வையிட. இப்பங்கின் குரு. இப்பங்கின் மக்கள். மூணு தடவை. ஆயரோட ஆளு, ஆயரோட முத்திரை. அவங்க கேட்ட சான்று இதுதான்.”

மரக்கடைக்காரர் எழுந்து நின்று மேசைக்குக் குறுக்கே கையை நீட்டினார். “மச்சான், கேக்குக்கு அஞ்சு அடுக்கையும் போடுங்க!”

ரொட்டிக்கடைக்காரர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

“இதை அனுப்பக் கூடாது,” என்றார்.

“என்ன மச்சான், விளையாடுறீங்களா?”

“அனுப்புனா என்ன ஆகும்? ஆயர் இல்லத்துல ஆளாளுக்கு வாசிச்சுச் சிரிப்பாங்க. அஞ்சு மாசம் ஞாயிறு பூசை தெரியாத ஊருன்னு. அதுவாவது போகட்டும், எல்லாருக்கும் பொது. ஆனா ஆயரோட ஆளு எழுதுன பக்கத்தை மாவு வச்சு ஒட்டுனது எங்க கொள்ளுத்தாத்தா. நூறு வருஷமா, எங்க வீட்டு ஆளு எழுதுன பதிவேடுன்னு சொல்லி ஆற்றங்கரைக்காரங்களை ஓட்டியிருக்கோம். இனிமே இவரு என்னை என்ன ஓட்டு ஓட்டுவாரு?”

“சாகுற வரைக்கும் ஓட்டுவேன்,” என்றார் மரக்கடைக்காரர். “அது தங்கச்சியைக் குடுத்தப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.”

“உதவித் தலைவர் கையெழுத்து இல்லாம பேரவைக் கடிதம் போகாது,” என்றேன் நான். விதி அப்படி. சொல்லாமலும் இருக்க முடியாது.

ஃபாதர் யாரையும் வற்புறுத்துகிறவர் அல்ல. டீயைச் சூடு பண்ணப் போய்விட்டார். என் நாத்தனார் செதிள்களைக் கையால் ஒதுக்கி ஒரு காகிதத்தில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் அண்ணே, அவரு வெக்கப்பட்டிருந்தா கிழிச்சே போட்டிருக்கலாமே?” என்றாள், தலை நிமிராமல். “அடுப்பு பக்கத்துலயேதானே இருந்துச்சு. அரை நிமிஷ வேலை. ஒட்டுறதுக்குத்தான் நேரம் ஆகும். ஓரத்துல மட்டும் பசை தடவி, எழுத்து மேல ஒரு சொட்டு படாம ஒட்டியிருக்காரு பாருங்க. அழிக்கணும்னு நினைச்சவர் கை இப்படி இருக்காது.”

ரொட்டிக்கடைக்காரர் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பினார். நாலு ஓரத்திலும் பசையின் பழுப்புக் கோடு, நடுவில் எழுத்து நேற்று எழுதியதுபோலக் கறுப்பாக. ரொம்ப நேரம் பார்த்தார். அவர் தொழிலில் நேர்த்தி பார்க்கிறவர், நேர்த்தியைப் பார்த்தால் அவருக்குத் தெரியும்.

“மனுஷனுக்கு மனசு வரலை,” என்றார் கடைசியில். “எழுதுங்க, செக்ரட்டரி அம்மா. ஆனா நான் சொல்ற ஒரு வரியும் அதுல இருக்கணும்.”

நான் அப்போதே வரைவு எழுதினேன். முதல் பத்தியில் வணக்கம். இரண்டாம் பத்தியில், தேதிக்கும் கிழமைக்கும் உள்ள வேறுபாட்டைச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி, அது உண்மையே என்று ஒப்புக்கொண்டேன். மூன்றாம் பத்தியில், பிற்காலத்தில் பொய்யாக எழுதுகிறவர் முதலில் காலண்டரைத்தான் பார்த்திருப்பார், இருபத்தொரு வாரம் ஒரே சீராகத் தவறு செய்ய நேர்மையானவர்களால்தான் முடியும் என்று எழுதினேன். நான்காவதில் பார்வையாளரின் குறிப்பு, முழுமையாக. மூன்று ‘இப்பங்கு’களுக்கும் அடிக்கோடு. அந்தத் தேதியில் அவர் எங்கள் ஊருக்கு வந்தாரா என்பதைத் தங்கள் இல்லத்துப் பழைய பதிவுகளிலும் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டேன். ‘கணக்கில் மட்டும் நம்ப வேண்டாம்’ என்பதை விட்டுவிடலாமா என்று மரக்கடைக்காரர் கேட்டார். முழுமையாக என்றால் முழுமையாகத்தான் என்றேன்.

கடைசிப் பத்தி ரொட்டிக்கடைக்காரர் சொல்லச் சொல்ல எழுதியது: “இந்தப் பக்கத்தை ஒட்டியவர் உதவித் தலைவராகிய என்னுடைய கொள்ளுத்தாத்தா. அவர் பேரில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கோயிலில் வருகிற மாதம் என் மகளுக்குக் கல்யாணம். ஆயர் வந்தால் ஒரு துண்டு கேக் எடுத்து வைக்கிறோம்.”

“ஆயருக்கு இப்படியா எழுதுறது?” என்றாள் என் நாத்தனார்.

“இருக்கட்டும்,” என்றார் ஃபாதர், கையெழுத்துப் போட்டுக்கொண்டே. “அஞ்சு அடுக்கு இருக்குல்ல.”

செவ்வாய்க்கிழமை காலை பால் சங்க அலுவலகத்தில் இரண்டு பக்கங்களுக்கும் நகல் எடுத்தேன். பதிவேட்டை ஃபாதர் தன் கையாலேயே திரும்பக் கொண்டுபோனார். ஒன்பது மணிக்குத் தபால் அலுவலகம் திறந்தபோது ரொட்டிக்கடைக்காரர் எனக்கு முன்பே படியில் நின்றார். அடுப்பை விட்டு வர முடியாது என்றவர், முன்கையில் மாவோடு வந்திருந்தார். உறையை நான் மடித்தேன், அவர் நாக்கால் நனைத்து அழுத்தி ஒட்டினார், நான் மேலே ‘பதிவுத் தபால்’ என்று எழுதினேன்.

கவுன்டரில் இருந்தவர் முத்திரையை மையில் தோய்த்தார்.

“தம்பி, தேதியைப் பாத்துப் போடுங்க,” என்றார் ரொட்டிக்கடைக்காரர். “இன்னிக்கு என்ன கிழமை?”

“செவ்வாய், சார்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

“அப்ப குத்துங்க.”

முத்திரை விழுந்தது. உறை பைக்குள் போனது, பையின் வாயைக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். நாங்கள் ரசீதை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது வண்டி டவுன் ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தது.